பாஸ் படகின் மோட்டாருக்குச் சரியான புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

படகின் பின்புறத்தில் வெளிப்பக்கமாகப் பொருத்தும் அவுட்போர்டு மோட்டாருக்கு முன்னோக்கிச் செல்ல ஒரே ஒரு கியர்தான் உண்டு. காரில் ஏற்றத்துக்கு ஒரு கியர், சமதளத்துக்கு இன்னொரு கியர் என்று மாற்றிக்கொள்ளலாம். படகில் அந்த வசதி இல்லை. நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுத்துக் கிளப்புவதும், ஏரியின் மறுகரையை நோக்கி முழுவேகத்தில் ஓடுவதும் அந்த ஒரே கியரில்தான் நடந்தாக வேண்டும். அந்த கியர் மோட்டாருக்குப் பளுவாக இருக்குமா, இலகுவாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அடியில் சுழலும் புரொப்பெல்லர். ஆகவே புரொப்பெல்லரை மாற்றுவது என்பது படகின் கியர் பெட்டியையே மாற்றுவதற்குச் சமம். புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள்; புரொப்பெல்லரை மட்டும் படகோடு எது வந்ததோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பாஸ் படகு என்பது அமெரிக்க நன்னீர் ஏரிகளில் பாஸ் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே உருவான படகு. 1948-இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் கட்டிய 'ஸ்கீட்டர்' படகையே இந்த வகையின் முதல் படகாகக் குறிப்பிடுவது வழக்கம். இன்று இவற்றில் பெரும்பாலானவை 18 முதல் 21 அடி வரை நீளமுள்ளவை. கண்ணாடியிழை உடல், நின்றபடி தூண்டில் வீசத் தட்டையான தளம், பின்புறத்தில் ஒற்றை மோட்டார் என்பது பொதுவான அமைப்பு. பெரிய படகுகளில் 250 குதிரைத்திறன் மோட்டாரும் மணிக்கு 70 மைல் வேகமும் சாதாரணம். அடிப்பகுதி முன்புறத்தில் கூர்மையான 'வி' வடிவில் இருந்தாலும், பின்புறம் வரும்போது அந்தக் கூர்முனை ஒரு குறுகிய தட்டையான பட்டையாக மாறிவிடும். இதைப் 'பேட்' என்பார்கள். முழுவேகத்தில் படகின் பெரும்பகுதி நீரைவிட்டு எழுந்து, இந்தச் சிறிய பட்டையின் மேல் மட்டுமே வழுக்கி ஓடும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

புரொப்பெல்லரின் நடுக்குழலில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 14.5, 25 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் விட்டம்: இதழ்களின் நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் குறுக்களவு 14.5 அங்குலம். இரண்டாவது எண் பிட்ச். மரத்துக்குள் திருகாணி இறங்குவதைப் போல, புரொப்பெல்லர் கொஞ்சமும் நழுவாமல் நீருக்குள் ஒரு முழுச் சுற்று சுழன்றால் எவ்வளவு தூரம் முன்னேறுமோ அந்தத் தூரமே பிட்ச். இங்கே அது 25 அங்குலம்.

விட்டத்தைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மோட்டாரின் கீழ்ப்பெட்டியின் அளவும் புரொப்பெல்லரைச் செய்தவரின் வடிவமைப்பும் அதை ஏறத்தாழ முடிவு செய்துவிடுகின்றன. நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிட்சைத்தான். பிட்ச் குறைந்தால் மோட்டாருக்குச் சுமை குறைந்து, படகு சட்டென்று கிளம்பும். பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகத் தூரம் கிடைக்கும். ஆனால் அந்த அளவுக்கு மோட்டார் உழைக்க வேண்டும்.

ஆனால் நீர் மரத்தைப் போன்ற திடப்பொருள் இல்லை. புரொப்பெல்லர் எப்போதும் ஓரளவு நழுவியே முன்னேறும். இந்த நழுவலை 'ஸ்லிப்' என்று சொல்கிறார்கள். இதைக் கணக்கிடுவது கடினமில்லை. ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 5800 சுற்று சுழல்கிறது, அதன் கியர் விகிதம் 1.75 என்று கொள்வோம். அப்படியானால் புரொப்பெல்லர் தண்டு நிமிடத்துக்கு 5800-ஐ 1.75-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 3314 சுற்று சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் 25 அங்குலம் என்றால், ஒரு மணி நேரத்தில் அது கடக்க வேண்டிய தூரம் சுமார் 78.5 மைல். இதையே சுருக்கமாக, மோட்டார் சுற்றைப் பிட்சால் பெருக்கி, அந்தத் தொகையைக் கியர் விகிதத்தாலும் 1056 என்ற மாறா எண்ணாலும் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்ற விடை கிடைக்கும். ஜி.பி.எஸ். கருவி 70 மைல் காட்டினால், எட்டரை மைல் நழுவலில் போயிருக்கிறது. அது ஏறத்தாழ 11 சதவீதம். நன்றாக அமைக்கப்பட்ட பாஸ் படகுகளில் முழுவேக நழுவல் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டார் பொருத்தப்பட்ட உயரமோ, இதழின் நிலையோ, படகின் பாரமோ சரியில்லை என்று சந்தேகிக்கலாம். நழுவல் பூஜ்யம் என்றோ அதற்கும் கீழே என்றோ விடை வந்தால் எங்கோ ஓர் எண் தவறு என்று பொருள். பெரும்பாலும் கியர் விகிதத்தைத் தவறாக எடுத்திருப்போம், அல்லது பொறித்த பிட்சுக்கும் உண்மையான பிட்சுக்கும் வேறுபாடு இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சுற்று எண்ணிக்கை

எந்த புரொப்பெல்லர் சரியானது என்று கேட்டால், நான் முதலில் வேகத்தைக் கேட்க மாட்டேன். முழு திராட்டிலில், அதாவது வேகப்பிடியை முழுதாகத் தள்ளிய நிலையில், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்றே கேட்பேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு திராட்டிலில் ஓட வேண்டிய சுற்று வரம்பு ஒன்றை உற்பத்தியாளர் கையேட்டில் குறித்திருப்பார். நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை என்பது பல மோட்டார்களுக்கு உள்ள வரம்பு. நீங்கள் வழக்கமாக ஏற்றிச் செல்லும் பாரத்தோடு, மோட்டாரை ஓட்டத்துக்கு ஏற்ப வெளிநோக்கிச் சாய்த்த நிலையில், சுற்று எண்ணிக்கை அந்த வரம்பின் மேல்பாதிக்குள் வர வேண்டும்; உச்சத்தை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது.

வரம்புக்குக் கீழே நின்றுவிடும் மோட்டார், ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணறும் வண்டியைப் போன்றது. திராட்டில் முழுதாகத் திறந்திருக்கிறது, எரிபொருள் உள்ளே கொட்டுகிறது, சுழலத்தான் முடியவில்லை. எரியறைகளில் வெப்பமும் அழுத்தமும் கூடி, நாளடைவில் பிஸ்டனும் தாங்கிகளும் பாதிக்கப்படலாம். ஓட்டுகிறவருக்கோ எந்தச் சத்தமும் அசாதாரணமாகத் தெரியாது. இந்தக் காரணத்தாலேயே அளவுக்கு மீறிய பிட்சை நான் மிகவும் அஞ்சுகிறேன். எதிர்ப்பக்கத்தில், பிட்ச் மிகவும் குறைவாக இருந்தால் மோட்டார் எளிதாக உச்சத்தை எட்டி, அதன் மின்னணுக் கட்டுப்பாடு சுற்றைத் தடுத்து நிறுத்திவிடும். அதனால் வேகம் குறையும், எரிபொருள் வீணாகும். ஆனால் தவறு உடனே காதில் விழுந்துவிடும்.

பிட்சை 1 அங்குலம் மாற்றினால் மோட்டாரின் சுற்று சுமார் 150 முதல் 200 வரை மாறும் என்பது நடைமுறையில் பயன்படும் கணக்கு. பிட்ச் குறைந்தால் சுற்று கூடும், பிட்ச் கூடினால் சுற்று குறையும். மேலே சொன்ன 25 பிட்ச் புரொப்பெல்லர், முழுப் பாரத்தோடு 5200 சுற்றுதான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 23 பிட்சுக்கு மாறினால் சுற்று 5500-க்கும் 5600-க்கும் இடையில் வரும். இப்போது வேகம் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். 5200 சுற்றில் 25 பிட்ச் தரும் கணித வேகம் 70.4 மைல், 5600 சுற்றில் 23 பிட்ச் தருவது 69.7 மைல். ஒரு மைல்கூட வேறுபாடு இல்லை. ஆனால் படகு கிளம்பும் விதமும் மோட்டார் படும் பாடும் வெகுவாக மாறிவிடும். பெரிய பிட்ச் என்றால் பெரிய வேகம் என்ற நம்பிக்கை எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதிய சான்று.

'வழக்கமான பாரம்' என்று சொன்னேனே, அதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். காலிப் படகில், கால் தொட்டி பெட்ரோலோடு, ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்து புரொப்பெல்லரை முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு மீன்பிடிக்கப் போகும் நாளில் கூட ஒருவர் ஏறுகிறார். தூண்டில்களும் ஈயக்குண்டுகளும் நிறைந்த பெட்டிகள் ஏறுகின்றன. முன்புற மின்மோட்டாருக்கான பேட்டரிகள் இருக்கின்றன. பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியில் நீர் நிரப்பப்படுகிறது. அந்தத் தொட்டியில் 100 லிட்டர் நீர் என்றாலே 100 கிலோ. முழுதாக நிரப்பிய எரிபொருள் தொட்டி இன்னும் ஒரு 100 கிலோவுக்கு மேல். போட்டிகளில் பெரும்பாலும் மாலையில் மீனோடும் நீரோடும் எடை மேடைக்குக் குறித்த நேரத்தில் திரும்ப வேண்டும். அந்த நேரத்துப் பாரத்தில் படகு எப்படி எழுகிறது என்பதே உண்மையான சோதனை. முழுப் பாரத்தில் வரம்பின் நடுவுக்குக் கீழே இறங்காமலும், இலகுவான பாரத்தில் உச்சத்தைத் தாண்டாமலும் இருக்கும் பிட்ச்தான் உங்கள் பிட்ச்.

இடமும் இதில் சேரும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 1000 அடிக்கும் சாதாரண மோட்டார் தன் திறனில் சுமார் 3 சதவீதத்தை இழக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய ஃபுளோரிடா ஏரிகளில் சரியாக ஓடிய அதே படகை ராக்கி மலைப்பகுதியின் ஓர் உயரமான நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு போனால், பிட்சைக் குறைத்தே ஆக வேண்டும். கடும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள கோடை நாளிலும் இதே விளைவு சிறிய அளவில் தெரியும். குளிர்ந்த காலையில் பார்த்த சுற்று எண்ணிக்கையை ஆகஸ்ட் மாத நண்பகலில் எதிர்பார்க்கக் கூடாது.

இதழ்களின் எண்ணிக்கையும் சாய்வும்

சுற்று எண்ணிக்கை சரியானதும், அடுத்த கேள்வி படகு எப்படி ஓடுகிறது என்பது. 3 இதழ் புரொப்பெல்லர் நீரில் குறைந்த உராய்வோடு சுழலும். பொதுவாக உச்சவேகத்தில் அதுவே முந்தும். படகின் முன்முனையாகிய அணியத்தை உயர்த்துவதிலும் அதற்குத் திறமை அதிகம். 4 இதழ் புரொப்பெல்லர் நீரை இறுகப் பற்றும். கிளம்பும்போது படகின் பின்புறத்தைத் தூக்கிக் கொடுக்கும். நடுவேகத்தில் சுற்றைக் குறைத்தாலும் படகு நீர்மேல் அமிழாமல் நிற்கும். அலைகளுக்கு நடுவே திருப்பும்போது பிடி விடாது. ஒரே பிட்சில் 3 இதழிலிருந்து 4 இதழுக்கு மாறினால் சுற்று சற்றே குறையும் என்பதால், பலர் பிட்சை 1 அங்குலம் குறைத்து வாங்குவார்கள். மெர்க்குரி நிறுவனத்தின் டெம்பெஸ்ட் பிளஸ் 3 இதழ் கொண்டது. அதே நிறுவனத்தின் பிராவோ ஒன் 4 இதழ் கொண்டது. இரண்டையும் பாஸ் படகுகளில் காணலாம். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று இல்லை.

ஏரியைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஃபுளோரிடாவின் ஒக்கிசோபி ஏரி பரந்து கிடந்தாலும் அதன் சராசரி ஆழம் 9 அடியை ஒட்டியதுதான். புல்லும் கோரையும் அடர்ந்த இடங்களில் படகு அதிகத் தூரம் ஓடாமல் சட்டென்று எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சேற்றைக் கிளறும். அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியிலோ காற்று வீசினால் அலைகள் உயரமாகவும் நெருக்கமாகவும் வரும். அங்கே ஒருவர் முழுவேகத்தில் ஓடும் நேரம் மிகக் குறைவு, மணிக்கு 30 மைலில் படகைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நேரமே அதிகம். இந்த இரண்டு இடங்களிலும் 4 இதழ் புரொப்பெல்லருக்குச் செலவழித்ததற்கு வருந்த வேண்டியிராது. அமைதியான, நீண்ட நீர்த்தேக்கங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைகிறவர்களுக்கு 3 இதழே பொருந்தும்.

இதழ்கள் நடுக்குழலுக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சாய்வை 'ரேக்' என்கிறார்கள். சாய்வு அதிகமான இதழ், சுழற்சியில் நீர் பக்கவாட்டில் சிதறுவதைக் குறைத்து, பின்னோக்கிக் கூட்டித் தள்ளும்; மோட்டாரை உயர்த்தி, புரொப்பெல்லர் நீர்ப்பரப்பை ஒட்டிச் சுழலும்போதும் பிடியை இழக்காது; அணியத்தை மேலே உயர்த்தும். பாஸ் படகுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த 'பேட்' விளக்கும். அணியம் உயர்ந்தால்தான் படகு அந்தக் குறுகிய பட்டையின் மேல் ஏறி நிற்கும். இல்லையென்றால் உடலின் பாதி நீரில் உரசிக்கொண்டே வரும், 250 குதிரைத்திறனும் அந்த உராய்வைத் தள்ளுவதிலேயே செலவாகும்.

ஆனால் குறுகிய பட்டையின் மேல் ஏறிய படகு, கயிற்றின் மேல் நடப்பவரைப் போலச் சமநிலையைத் தேடும். மிகுந்த வேகத்தில் அது இடமும் வலமுமாக மாறி மாறிச் சாயத் தொடங்கினால் அதை 'சைன் வாக்' என்பார்கள். ஓட்டுகிறவர் திருத்த முயன்று சக்கரத்தைத் தாமதமாகத் திருப்பும்போது அது இன்னும் பெருகும். அணியம் மேலும் கீழுமாகக் குதிப்பது வேறொரு குறை. அதற்குப் பெரும்பாலும் மோட்டாரை வெளியே அதிகமாகச் சாய்த்ததோ, பின்புறம் அதிகப் பாரம் இருப்பதோ காரணம். புரொப்பெல்லரை மாற்றினால் இரண்டு குறைகளும் குறையவும் கூடும், அதிகரிக்கவும் கூடும். அணியத்தை அளவுக்கு மேல் தூக்கும் புரொப்பெல்லர், ஏற்கெனவே முன்புறம் இலகுவான படகை அடங்காததாக்கிவிடும். புதிய புரொப்பெல்லரோடு முதல் ஓட்டத்திலேயே முழு திராட்டில் கொடுக்காமல், வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். சாய்வு தொடங்கினால் மெல்லக் குறைத்துவிடுங்கள். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு உடலோடு இணைந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகள் பலவற்றில் இது கூட்டாட்சிச் சட்டப்படியே கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதை வலியுறுத்தியிருப்பேன்.

இதழின் பின்விளிம்பைத் தடவிப் பார்த்தால் சில புரொப்பெல்லர்களில் ஒரு சிறிய வளைந்த உதடு தெரியும். இதற்குக் 'கப்' என்று பெயர். பார்வைக்கு ஒன்றுமில்லாத இந்த வளைவு, நீரை விடாமல் பற்ற உதவுவதோடு, பிட்சை அரை அங்குலம் முதல் 1 அங்குலம் வரை கூட்டியதற்கு ஒப்பான சுமையையும் மோட்டாருக்குத் தரும். பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய் வந்த புரொப்பெல்லர் திடீரென்று வேறு மாதிரி ஓடினால், இந்த உதடு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காற்று புகுவது

திருப்பத்திலோ கிளம்பும்போதோ மோட்டார் திடீரென்று அலறி, படகு மட்டும் நகராமல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். இதைக் 'கேவிட்டேஷன்' என்று சொல்வது பரவலான தவறு. மேற்பரப்புக் காற்றோ புகைக்குழாய் வாயுவோ இதழ்களுக்குள் இழுக்கப்படுவதால் நடப்பது இது. சரியான பெயர் 'வென்டிலேஷன்'. கேவிட்டேஷன் என்பது வேறு. இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது அங்குள்ள நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து நீராவிக் குமிழ்களாகி, பிறகு அவை நொறுங்கும்போது உலோகத்தையே அரித்துப் பொட்டுப் பொட்டாகக் குழிகளை உண்டாக்கும். புரொப்பெல்லருக்கு நேர் மேலே மோட்டாரில் உள்ள கிடைமட்டத் தகட்டைக் கேவிட்டேஷன் தகடு என்று பலர் அழைத்தாலும், அது தடுப்பது காற்று புகுவதைத்தான்.

ஓரளவு காற்று நன்மையும் செய்யும் என்பது இதில் வியப்பான பகுதி. சில புரொப்பெல்லர்களில் இதழின் அடியில், நடுக்குழலில் சிறு துளைகள் இருக்கும். கிளம்பும் நேரத்தில் புகை வாயு இந்தத் துளைகள் வழியாக இதழ்களுக்கு வர, நீரின் அடர்த்தி அந்த இடத்தில் குறைந்து, பிட்ச் பெரியதானாலும் மோட்டார் விரைவாகச் சுற்றேறித் தன் முழுத் திறனை எட்டும். படகு எழுந்து ஓடத் தொடங்கியதும் வேகமாகப் பாயும் நீர் அந்தத் துளைகளை மூடிவிடும். துளைகளில் பொருத்தும் அடைப்பான்களை மாற்றி இந்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பெரிய பிட்சோடு கிளம்பத் திணறும் படகுக்கு, புதிய புரொப்பெல்லர் வாங்குவதற்கு முன் முயன்று பார்க்க வேண்டிய எளிய வழி இது.

மோட்டாரின் உயரத்தைத் தவிர்த்து புரொப்பெல்லரைப் பற்றிப் பேச முடியாது. பாஸ் படகுகளில் மோட்டாரை ஏற்றி இறக்கும் 'ஜாக் பிளேட்' பெரும்பாலும் இருக்கும். புரொப்பெல்லர் தண்டின் நடுப்பகுதி 'பேட்' மட்டத்துக்கு 3 முதல் 3.5 அங்குலம் கீழே இருக்கும்படி தொடங்கி, கால் அங்குலம் அல்லது அரை அங்குலமாக உயர்த்திப் பார்ப்பது வழக்கம். உயர்த்த உயர்த்த நீரில் இழுபடும் உலோகம் குறைந்து வேகம் கூடும். ஒரு கட்டத்தில் புரொப்பெல்லர் பிடியை இழந்து நழுவல் ஏறும். அதற்கு முந்தைய நிலைதான் அந்த புரொப்பெல்லருக்கு ஏற்ற உயரம். உயர்த்தும்போது குளிர்நீர் அழுத்தமானியில் ஒரு கண் இருக்கட்டும். நீர் உறிஞ்சும் துளைகள் மேலே வந்துவிட்டால் மோட்டார் சூடேறும். சாய்வும் கப்பும் அதிகமான எஃகு புரொப்பெல்லர் உயரத்தைத் தாங்கும்; சாதாரண அலுமினியம் தாங்காது.

அலுமினியமா, எஃகா?

விலையில் அலுமினியம் குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பல மடங்கு கூட. எஃகு உறுதியானது என்பதால் இதழை மெல்லியதாக வார்க்கலாம். பெரும் திறனிலும் அது வளைந்து பிட்சை இழக்காது. 150 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பாஸ் படகுகளில் எஃகுதான் பொருத்தம் என்பது என் தெளிவான கருத்து. அதற்குக் கீழே, அதுவும் வெட்டப்படாத மரங்கள் நீருக்கடியில் நிற்கும் டெக்சாஸின் லேக் ஃபோர்க் போன்ற நீர்த்தேக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு, அலுமினியமே முதலில் போதும். அடிமரத்தில் மோதினால் அலுமினிய இதழ் வளைந்தோ உடைந்தோ அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். எஃகு அவ்வளவு எளிதில் வளையாது. அந்த அதிர்ச்சியைத் தாங்க நடுக்குழலுக்குள் ரப்பரோ வலுவான பிளாஸ்டிக்கோ கொண்ட உள்வளையம் இருக்கிறது. ஆயினும் கடுமையான மோதலில் அது புரொப்பெல்லர் தண்டையும் கியர்களையும் காப்பாற்றிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. உள்வளையம் பழுதாகிவிட்டால் மோட்டார் சுற்றேறும், படகு நகராது. காற்று புகுந்ததைப் போலவே தோன்றும் இந்தக் குறையைத் தனியே சோதித்தறிய வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பிட்ச் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான துல்லிய அளவு இல்லை. பல இதழ்களில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை பிட்ச் கூடிக்கொண்டே போகும். பொறிக்கப்பட்டிருப்பது அதன் சராசரி. ஒரு நிறுவனத்தின் 24 மற்றொரு நிறுவனத்தின் 25-ஐப் போல ஓடலாம். அதனால், அதே மாதிரிப் படகு வைத்திருக்கும் நண்பர் 25 போட்டிருக்கிறார் என்பது நல்ல தொடக்கப்புள்ளி மட்டுமே. முடிந்தால் வாங்குவதற்கு முன் இரவல் பெற்று ஓட்டிப் பாருங்கள். சோதனைக்குப் புரொப்பெல்லர் தரும் விற்பனையாளர்களும் உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புரொப்பெல்லரையும் மாற்றி, உயரத்தையும் மாற்றினால், கிடைத்த பலன் எதனால் என்று தெரியாமல் போகும். ஒரே அளவு எரிபொருள், அதே ஆட்கள், அதே சாமான்கள். காற்றின் விளைவை நீக்க ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுங்கள். முழு திராட்டிலில் சுற்று, ஜி.பி.எஸ். வேகம், நின்ற நிலையிலிருந்து நீர்மேல் எழ ஆகும் வினாடிகள், படகு அமிழாமல் ஓடும் மிகக் குறைந்த வேகம், நீர் அழுத்தம் ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். உச்சவேகத்தில் 1 மைல் கூடி, எழுவதற்கு 2 வினாடி கூடுதலாக ஆகும் புரொப்பெல்லரை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மீன்பிடிக்கும் நாளில் முழுவேகம் சில நிமிடம், கிளம்புவது பலமுறை.

மாற்றும் வேலையை எவரும் கற்றுக்கொள்ளலாம். முதலில் மோட்டாரை நிறுத்தி, சாவியை எடுத்து, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியையும் கழற்றிவிட வேண்டும். இதழுக்கும் மேலேயுள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை வைத்தால் புரொப்பெல்லர் சுழலாமல் நிற்கும். பிறகு நட்டைக் கழற்றலாம். தண்டின் பற்களில் நீரைத் தாங்கும் கிரீஸ் பூசி, உந்துவிசையைத் தாங்கும் வளையம் திசை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு நட்டை இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் நட்டை மறுபடி சரிபார்ப்பது நல்லது.

புரொப்பெல்லரைக் கழற்றிய கையோடு அது இருந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். தூண்டில் நரம்பு எப்படியோ நீரில் விழுந்து, சுழலும் தண்டில் சுற்றி, புரொப்பெல்லருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இறுகிக் கிடக்கும். அது தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையத்தை அறுத்துவிட்டால், கியர் பெட்டிக்குள் நீர் புகுந்து எண்ணெய் பாலைப்போல வெளுத்துவிடும். மாற்றுவதற்கு வேறு புரொப்பெல்லர் இல்லாவிட்டாலும், இந்த நரம்பைத் தேடுவதற்காகவே பருவத்தில் சிலமுறையாவது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.